சத்தம் என்று நாங்கள் எழுதிய கடிதம்: வெள்ளவத்தைத் தொடர்மாடி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்தியாக இருந்தவள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு தொடர்மாடியில் ஏழு வருடம் செயலாளர். தண்ணீர்த் தாங்கி கழுவுவது, லிப்ட் திருத்துவது, பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியல், யாருடைய கார் யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற சண்டை, இவைதான் எங்கள் மாதக் கூட்டங்கள். அந்த ஏழு வருடத்தில் நான் தட்டச்சுச் செய்து கையொப்பம் வைத்த கடிதங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும்.

2022 மார்ச் கடைசி. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்கள். டீசலுக்கு வரிசை நின்ற காலம் என்பதால் எங்கள் ஜெனரேற்றரையும் லிப்ட்டுக்காகக் கொஞ்ச நேரம்தான் ஓடவிட்டோம். விசிறி இல்லை, ஏசி இல்லை, ரிவி இல்லை. காற்று வரட்டும் என்று எல்லோரும் சன்னல்களைத் திறந்துபோட்டுப் படுத்தோம். வீதியில் வாகனமும் குறைவு. கடல் இரைச்சல்கூடப் படுக்கைவரை வந்தது. அந்த அமைதிக்குள்தான் ஐந்தாம் மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கனமான ஏதோ ஒன்று சுவரில் மோதியது. பிறகு ஒரு ஆண் குரல், உரத்துக் கத்தாமல், ஒரே தாளத்தில், மூச்சு விடாமல். பெண்ணின் குரல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

“மெல்லமா... பிள்ளை எழும்பிடும்.”

அடிக்காதே என்றுகூட அவள் கேட்கவில்லை.

விடிந்ததும் காவலாளியின் மேசையில் இருக்கும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் மூன்று வீட்டுக்காரர் எழுதியிருந்தார்கள். மூன்றுமே ஏறக்குறைய ஒரே வசனம்: இரவு 10 மணிக்குப் பிறகு 5ஆம் மாடியில் அளவுக்கு மீறிய சத்தம். அன்று பின்னேரமே குழு கூடினோம். என்ன சத்தம் என்று அங்கிருந்த ஐந்து பேருக்கும் தெரியும். தலைவர் சொன்னார், “அது அவங்கட குடும்ப விசயம். அதுக்குள்ள நாங்கள் கை வைக்க ஏலாது. சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுவம்.” நான் எழுதினேன். விதி இலக்கம் போட்டு, மற்றக் குடியிருப்பாளரின் அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடாது என்று, மரியாதையான தமிழில் எழுதினேன்.

அந்த வீட்டின் உரிமையாளர் என்று எங்கள் கோவையில் இருந்தது அடி வாங்கிய அந்தப் பெண்ணின் பெயர். பிள்ளை என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். ஊரில் காணி விற்றுத் தகப்பன் சீதனமாக வாங்கிக் கொடுத்த வீடு. ஆனால் நான் கடிதத்துக்கு விலாசம் எழுதியது கணவனின் பெயருக்கு. ஏன் அப்படி எழுதினேன் என்று அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

காவலாளி கடிதத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வந்தார். அன்றிரவு ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த நாள் படியில் சந்தித்தபோது, கடிதம் வேலை செய்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டோம். அந்த இரவு என்ன நடந்தது என்பதை இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னாள். கணவன் முதலில் எல்லாச் சன்னல்களையும் பூட்டினானாம். பிறகு மெழுகுதிரியை மேசையில் வைத்து, கடிதத்தை அவளின் கையில் கொடுத்து, வாசி என்றானாம். வாசித்து முடியும்வரை அவன் கை அவளின் கழுத்தில் இருந்ததாம். “உங்கட கையெழுத்து வரைக்கும் வாசிச்சனான் அன்ரி” என்றாள்.

இதை எழுத அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். மாடி இலக்கத்தையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் அப்படி ஒன்றும் இல்லை, படித்த குடும்பங்கள்தான் இருக்கின்றன என்று உங்களில் பலர் சொல்வீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் பெண்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. துணைவனோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானவர்கள், அதாவது ஐவரில் ஒருவர், தங்கள் வாழ்நாளில் அவனால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். மனத்தை வதைப்பது, காசைப் பறித்து வைப்பது, ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்துவது என்பவற்றையும் சேர்த்தால் 39.8 வீதம். கட்டடத்துக்குக் கட்டடம் கணக்கு மாறலாம். நாற்பது குடும்பம் இருக்கும் ஒரு கட்டடத்தில் ஒன்றுகூட இல்லை என்று மட்டும் எந்தச் செயலாளராலும் சொல்ல முடியாது.

எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் கண்டல் காயத்தைத் தேடியதுதான். கண் வீங்கினால்தான் அடி என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை ஒரு பெரிய நிறுவனத்தில் கணக்காளர். ஒரு நாள் கீழே வந்து, “அன்ரி, ஓட்டோவுக்கு இருநூறு ரூபா இருக்குமா, சம்பளம் வந்ததும் தாறன்” என்று கேட்டாள். மாதக் கடைசி போல என்று நினைத்துக் கொடுத்தேன். அவளின் பாங்க் கார்ட் கணவனின் பர்சில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கேட்டிருக்கலாம். தாயோடு போனில் கதைக்கும்போது எப்போதும் லவுட்ஸ்பீக்கரில்தான் கதைப்பாள். கை வேலையாக இருக்கிறாள் என்று நினைத்தேன். சித்திரை வெயிலில் முழங்கை மூடிய சட்டை. லிப்ட்டில் தனியாக வந்தால் சிரித்துக் கதைப்பாள், கணவன் கூட வந்தால் லிப்ட் இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லாவற்றையும் கண்டேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த வன்முறை கோபம் தலைக்கேறி நடப்பது என்று நம்புகிறவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோபத்தில் நிதானம் இழந்தவன் சன்னல் பூட்டமாட்டான். வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரியை அடிக்கமாட்டான். அவன் யாரை, எங்கே, எவ்வளவு என்று அளந்து செய்கிறான். போனைப் பார்ப்பது, அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் எடுத்து வைப்பது, சிநேகிதிகளை ஒவ்வொருத்தியாக வெட்டிவிடுவது, பிள்ளையை வைத்து வெருட்டுவது, அடித்த பிறகு பூவும் புதுச் சட்டையும் வாங்கி வந்து அழுவது, எல்லாம் ஒரே கயிற்றின் இழைகள். அவற்றிலே கழுத்தில் கை வைப்பது தனியாகப் பார்க்கவேண்டிய ஒன்று. ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பிறகு கொல்லக்கூடிய ஆபத்து மிகவும் கூடுதல் என்று இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் மாறினாலும் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கொட்டாஞ்சேனையில், முகத்துவாரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒருத்தி கத்தினால் பத்துப் பேர் வாசலுக்கு வருவார்கள். அங்கே எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வந்தவர்கள் சமாதானம் பேசி அவளைத் திரும்ப உள்ளே அனுப்பும் கதைகளும் எனக்குத் தெரியும். ஆனால் யாரோ வருவார்கள் என்ற பயம் அடிக்கிறவனுக்கு இருக்கும். எங்கள் தொடர்மாடியில் மரக்கதவு, அதற்கு வெளியே கம்பிக்கதவு, கீழே காவலாளி, கேற். இவ்வளவும் கள்ளன் வராமல் இருக்க நாங்கள் காசு கட்டிப் போட்டவை. உள்ளே இருப்பவனுக்கு இவை எவ்வளவு வசதி என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னும் கூசுகிற ஒன்று இருக்கிறது. அந்தக் கணவன் வேலை விடயமாக அடிக்கடி வெளிநாடு போவான். அங்கிருந்து காவலாளிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பான்: மிஸிஸ் எத்தனை மணிக்கு வெளியே போனவ, யார் வந்தது? காவலாளி வருகைப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்புவார். ஒருமுறை கமரா பதிவையே கேட்டு வாங்கியிருக்கிறான், எங்கள் பொருளாளர்தான் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் கேட்கிறார், கொடுப்பதில் என்ன என்ற எண்ணம். தன் தங்கச்சி வந்துபோனது கணவனுக்கு எப்படித் தெரிகிறது என்று அந்தப் பிள்ளை மாதக்கணக்காகக் குழம்பி, வீட்டுக்குள் ஏதோ கருவி வைத்திருக்கிறான் என்று அலுமாரி, மின்குமிழ் எல்லாம் கழற்றித் தேடினாளாம். அந்தக் கருவி நாங்கள்தான். உங்கள் கட்டடத்திலும் கமரா இருக்கும், புத்தகம் இருக்கும். குடியிருப்பாளர் ஒருவரின் போக்குவரவை, கணவனாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும், இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை என்று இந்த மாதக் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவெடுங்கள். ஒரு சதமும் செலவில்லாத வேலை. அதே நேரம், ஒரு பெண் வந்து அந்தப் பதிவு தனக்குச் சாட்சிக்கு வேண்டும் என்றால் அழிந்துபோகாமல் எடுத்துப் பாதுகாத்து வையுங்கள்.

2024இல் ஒரு இரவு, பத்தரை இருக்கும். என் கதவு மணி அடித்தது. அந்தப் பிள்ளை, தோளில் மகன். அவனின் ஒரு காலில் மட்டும் காலுறை இருந்தது. “அன்ரி, ஒரு பத்து நிமிசம் இருந்திட்டுப் போகட்டா?” என்றாள். பத்து நிமிடம்தான் கேட்டாள். கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளைக்கு மைலோ கரைத்துக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தாய் என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தாய் கேட்டிருக்கிறாள், பெரியம்மா கேட்டிருக்கிறாள். “கொழும்பில வீடும் குடுத்து அனுப்பினது, நீ திரும்பி வந்தா தங்கச்சின்ர கலியாணம் என்னாகும்” என்பதுதான் அவளுக்குக் கிடைத்த மறுமொழி. நான் சொன்னது இவ்வளவுதான்: “நான் நம்புறன் பிள்ளை. உன்னில ஒரு பிழையும் இல்லை. இப்ப நீ என்ன செய்ய விரும்புறாய்?” அவள் அழுதது அதற்குப் பிறகுதான்.

காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். எது என்று எழுதவில்லை. இது ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை. அங்கே இருந்த உத்தியோகத்தர் பொல்லாதவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார், இருக்கச் சொன்னார். ஆனால் அவளுக்குத் தெரிந்த சிங்களம் அலுவலகச் சிங்களம். கழுத்தை நெரித்ததையும் படுக்கையில் நடந்ததையும் சொல்ல அந்தச் சிங்களத்தில் சொற்கள் இல்லை. சைகையால் காட்டினாள். அவர் எழுதி முடித்து, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எனக்குச் சிங்களம் கொஞ்சம் வாசிக்க வரும். எழுத்துக் கூட்டி வாசித்தேன். கணவன் மனைவிக்கு இடையில் வாய்த்தர்க்கம் என்று இருந்தது. கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நல்லகாலம், கையெழுத்துப் போடவில்லை. தமிழ் 1987ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழி. வடக்குக் கிழக்கில் மட்டும் இல்லை, கொழும்பிலும் எந்த அரச அலுவலரோடும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. தமிழில் எழுதும் உத்தியோகத்தர் வரும்வரை இருக்கிறோம் என்று சொன்னோம். நான்கு மணித்தியாலம் காத்திருந்தோம். மகன் என் மடியில் நித்திரையாகிவிட்டான். பிறகு ஒரு பெண் பொலிஸ் வந்து, தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அந்த இலக்கம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். உங்கள் கட்டடத்தில் சிங்களம் நன்றாக எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரையாவது இப்போதே அறிந்து வைத்திருங்கள். கூட வர அவர் மனம் வைத்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் “நாங்கள் தலையிட ஏலாது” என்று எங்கள் தலைவர் சொன்னது சட்டத்துக்கே விரோதமான எண்ணம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்து இருபது வருடமாகிறது. அடி உதை மட்டுமல்ல, வெருட்டுவதும், பயமுறுத்திக் காசு பறிப்பதும், தொடர்ந்து கொடுமையாக இழிவுபடுத்தி மனத்தை வதைப்பதும் அதில் வரும். கணவன் மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை. முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவர், பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், மாமன், சித்தப்பா என்று உறவுகளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் மகனுக்குப் பயந்து அறைக்குள் இருக்கும் ஒரு தாய் இருந்தால் அவருக்கும் இந்தச் சட்டம் உண்டு. பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் அவருக்கும்.

அவள் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். அவசரம் என்று கண்டால் நீதவான் உடனேயே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி வைக்கவேண்டும். விசாரித்துக் கொடுக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள்ளேயே அவன் நுழையக்கூடாது என்று கட்டளையிடலாம். அவளை நடுத்தெருவில் விடும் விதமாக அந்த வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்றும் கட்டளையிடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

எல்லாம் தரும் சட்டம் இல்லை இது. கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்தினால், நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்டவர்களாக இருந்தாலொழிய, எங்கள் தண்டனைச் சட்டக் கோவை அதை வல்லுறவு என்று இன்றுவரை ஏற்கவில்லை. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவளாக இருந்தால், சீதனமாகத் தன் பெயரில் வந்த வீட்டைக்கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து குடியிருந்தாலும் அந்த வழமை கூடவே வரும். சம்மதத்தை நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாட வழி உண்டு. ஆனால் அந்த வழி நீளம். பெயர் அவளுடையது, கட்டுப்பாடு அவனுடையது. நான் கடிதத்துக்கு விலாசம் எழுதியபோது என் கைக்கும் அந்தப் பழக்கம்தான் இருந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இடைக்காலக் கட்டளை கிடைத்தது. கிடைத்த நாலாம் நாள் பின்னேரம் கணவன் கேற்றுக்கு வந்தான். காவலாளி திறந்துவிட்டார். ஐயாவின் வீடுதானே என்று நினைத்தாராம். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளையாக அவள் அந்த நேரம் வேலையில் இருந்தாள். ஒரு பெண் வீட்டைவிட்டு வெளிக்கிடும் நாட்களும், கட்டளை வாங்கும் நாட்களும்தான் மிகவும் ஆபத்தானவை. பிடி விட்டுப்போகிறது என்று அவனுக்குத் தெரியும் நாட்கள் அவை. ஆகவே கட்டளை இருந்தால், அவளின் சம்மதத்தோடு, ஒரு பிரதி காவலாளியின் மேசை இலாச்சியில் இருக்கவேண்டும். பகல் காவலாளிக்கும் இரவு காவலாளிக்கும் இருவருக்கும் வாசித்துச் சொல்லவேண்டும். அவன் வந்தால் கேற்றைத் திறக்காமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். காவலாளிகள் பெரும்பாலும் தூர ஊர்களிலிருந்து வந்து மாதச் சம்பளத்துக்கு நிற்கும் மனிதர்கள். வீட்டுக்கார ஐயாவை மறித்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. மறித்ததற்காக வேலை போகாது என்று குழு எழுதிக் கொடுக்கவேண்டும்.

இரவில் சத்தம் கேட்கும்போது என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கடிதம் எழுதாதீர்கள். அடுத்த நாள் லிப்ட்டில் அவனுக்கு முன்னால் அவளிடம் “என்ன பிள்ளை, ராத்திரி சத்தம்?” என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு விலை கொடுப்பது அவள். அடி விழுகிறது என்று தெரிந்தால் 119. அழைத்தவர் பெயரை அவனிடம் சொல்லவேண்டாம் என்று கேளுங்கள். ஆபத்து அவ்வளவு முற்றவில்லை என்று தோன்றினால் இரண்டு பேராகப் போய் மணி அடியுங்கள். கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகுது, உங்கட குளியலறையைப் பார்க்கவேணும் என்று சொல்லுங்கள். ஒழுகாத தண்ணீரைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் போதும். கை ஓங்கியது அந்த ஐந்து நிமிடத்தில் நிற்கும், யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அவனுக்கு விளங்கும். பிறகு ஒரு நாள் அவள் தனியே இருக்கும்போது மட்டும் கதையுங்கள். தன்னை நம்புகிற ஒரு வீடு இந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும். உடனே வெளிக்கிடு என்று நெருக்காதீர்கள். எப்போது வெளிக்கிட்டால் உயிர் தப்பும் என்று எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

என் வீட்டு அலுமாரியில் இப்போது ஒரு பை இருக்கிறது. அந்தப் பிள்ளையுடையது இல்லை, வேறொருத்தியுடையது. எந்தக் கட்டடம் என்று கேட்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், வீட்டு உறுதியின் பிரதி, இரண்டு கிழமைக்கு ஆஸ்துமா மருந்து, இரண்டு சோடி உடுப்பு, கொஞ்சம் காசு, ஒரு சின்னப் போன். அவள் “அன்ரி, கறிவேப்பிலை இருக்கா?” என்று குறுஞ்செய்தி போட்டால் நான் பொலிசுக்கு அழைக்கவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சண்டை தொடங்கும்போது குசினிக்குள்ளும் குளியலறைக்குள்ளும் பல்கனிக்கும் போகாமல், வாசல் கதவு உள்ள பக்கமாக நகரச் சொல்லியிருக்கிறேன். குசினியில் கத்தி இருக்கும், குளியலறைக்கு வேறு வழி இல்லை, பல்கனியின் உயரத்தை நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் அறிவித்தல் பலகையில் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990 என்று எழுதியிருக்கும். அதே தாளில், அதே எழுத்தளவில், பெண்களுக்கான அரச உதவி அழைப்பு 1938, சிறுவர்களுக்கு 1929, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ 1987இல் தொடங்கிய விமன் இன் நீட் அமைப்பின் 077 567 6555 ஆகியவற்றையும் எழுதுங்கள். தனியாக ஒரு சுவரொட்டி ஒட்டாதீர்கள். அதன் முன்னால் நின்று இலக்கம் குறிப்பவளை எல்லோரும் பார்ப்பார்கள். எல்லா இலக்கங்களோடும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் மனப்பாடம் செய்துவிடுவாள். அரச வைத்தியசாலைகளில் மித்துரு பியச என்றும் தமிழில் நட்பு நிலையம் என்றும் பெயரிட்ட பிரிவுகள் இருக்கின்றன. காசு கேட்கமாட்டார்கள், இருத்தி வைத்துக் கதை கேட்பார்கள், பாதுகாப்பான வேறு இடம் வேண்டுமென்றால் அதற்கும் வழிகாட்டுவார்கள். வைத்தியசாலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய இடம் என்பதால், வீட்டைவிட்டு வெளியே வர வேறு சாட்டு இல்லாத பெண்ணுக்கு அது பெரிய காரியம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காமாரிடமும் கேளுங்கள். உடைந்த பிளேட்டைக் கூட்டி அள்ளுவது அவர்கள். தலையணையில் இரத்தத்தை முதலில் காண்பதும் அவர்கள். அவர்களிடம் நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது வேறொரு இடத்தில் மகனோடு இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. அவளின் பாங்க் கார்ட் அவளின் பர்சிலேயே இருக்கிறது. சென்ற மாதம் வந்து, 2019இலிருந்து என்னிடம் வாங்கிய ஓட்டோக் காசை எல்லாம் எண்ணித் தந்தாள். வேண்டாம் என்றேன். “இல்லை அன்ரி, என்ர கையால குடுக்கவேணும்” என்றாள். வாங்கி வைத்தேன்.

குழுக்களிலே இருப்பவர்களிடம் நான் கேட்பது, அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், தண்ணீர்த் தாங்கிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் இடையில், இதற்கு ஒரு இலக்கம் போட்டு எழுதுங்கள். அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வருகைப் புத்தகம், கமரா, காவலாளிக்கான அறிவுறுத்தல், அறிவித்தல் பலகை, பொலிசுக்குக் கூடப் போகும் ஆள், இவ்வளவையும் அந்த அரை மணித்தியாலத்தில் தீர்மானிக்கலாம். கூப்பிட்டால் நான் வந்து பேசத் தயார். 2022இல் நான் எழுதிய கடிதத்தின் பிரதி எங்கள் கோவையில் இன்னும் இருக்கிறது. அதையும் கொண்டு வருவேன். என் கையொப்பம் வரை வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர் ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6